ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு

மத்தியானம் இரண்டேகால் மணிக்குச் சீனித்தாய் அடுக்களை ஜன்னல் கம்பியை ஐந்தாவது தடவையாகத் தொட்டாள். விரல் நுனியால் இல்லை, மடக்கிய விரலின் முட்டியால். நுனியால் தொட்டால் சுருக்கென்று கடிக்கும், முட்டியென்றால் அவ்வளவாகத் தெரியாது என்று இந்த மூன்று வாரத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தாள். டப் என்று சின்னச் சத்தம். போய்விட்டது. உடம்பில் இருந்தது கம்பிக்குப் போய், கம்பியிலிருந்து சுவருக்குப் போய், இரண்டு மாடி இறங்கி மண்ணுக்குப் போய்விட்டது. எல்லாம் போயிருக்குமா? கொஞ்சம் மிச்சம் இருந்தால்? இன்னொரு தடவை தொட்டாள், சத்தம் இல்லை, அப்படியென்றால் மிச்சம் இல்லை, அப்படியென்றால் இப்போது போகலாம், ஆனால் அடுக்களையிலிருந்து அவர் படுத்திருக்கும் அறைக்குப் பதினோரு எட்டு, பதினோரு எட்டிலும் சேலை காலில் உரசும், ஸ்வெட்டர் கையில் உரசும், போய்ச் சேருகிறபோது மறுபடியும் எவ்வளவு ஏறியிருக்கும் என்று யார் அளந்து சொல்வார்கள். ஜனவரி வெயில் ஜன்னலுக்கு வெளியே சூடில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. டில்லிக்கு வந்த முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படிக் காய்ந்த குளிரை அவள் பார்த்ததில்லை. மூடுபனியாவது இருந்தால் காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும், இந்தத் தடவை அதுவும் இல்லை, மேற்கேயிருந்து வருகிற காற்று வீட்டிலிருந்த ஈரத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது, உதடு வெடித்து, குதிகால் வெடித்து, கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், எவர்சில்வர் டம்ளர் என்று தொட்டதெல்லாம் கடிக்கிற வீடாகிப் போயிற்று. உள்ளேயிருந்து மெஷின் மூச்சுவிடும் சத்தம் வந்தது. புஸ்ஸென்று ஒன்று, பிறகு நிறுத்தம், மறுபடி புஸ். நடுவில் அவருடைய குரல், "சீனி." ஒரே ஒரு தடவை. இரண்டாவது தடவை கூப்பிட அவருக்கு மூச்சு கிடையாது, அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவர் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதுகைத் தேய்த்துவிட்டு, வியர்த்த பனியனை மாற்றிவிட வேண்டும். அவள் புருஷன் சங்கரபாண்டியனுக்கு நுரையீரலில் தழும்பேறி ஒன்றரை வருஷம் ஆகிறது. அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த மனிதர், அளவுகோல் இல்லாமலே கோடு இழுப்பார் என்று பெயர், இப்போது டம்ளரைத் தூக்கிவிட்டு இளைப்பாறுகிறார். தீபாவளிக்குப் பிறகு மெஷின் வந்தது. காற்றை உறிஞ்சி அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற மெஷின். கொண்டுவந்து மாட்டிய ஆள் ஒரு கண்ணைத் தன் போனில் வைத்துக்கொண்டு ஹிந்தியில் ஒரே மூச்சாக ஒப்பித்தான், இந்த அறையில் விளக்கேற்றக் கூடாது ஆன்ட்டி, ஊதுவத்தி கூடாது, ஹீட்டர் பக்கத்தில் கூடாது, எண்ணெய் கூடாது, வாசலின் கூடாது, நைலான் கம்பளி கூடாது, பொறி வரும். அவ்வளவையும் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். நைலான் என்று அவன் சொன்னது மட்டும் போகவில்லை. தொண்டையில் மீன்முள் நிற்பது போல நின்றது. அவள் அப்போதே நைலான் கம்பளியையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டாள், ஆனால் குளிர் ஏறியபோது அவர் பரணைக் காட்டிக் காட்டிக் கேட்டார், அந்த வழவழப்பான கனத்த கம்பளி ஒன்றுதான் அவர் எலும்புக்குச் சூடு தருகிறது, இறக்கிக் கொடுத்தாள், தன்னுடைய பழைய பருத்திச் சேலைகள் இரண்டை உறையாகத் தைத்து அதற்குள்ளே திணித்துக் கொடுத்தாள். அதற்கப்புறமும் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில், திரைச்சீலை விலக்காத அறையில், அவர் மார்பிலிருந்து கம்பளியை இழுத்தபோது வந்தது. ஊசி நீளத்துக்கு நீலமாக ஒரு கோடு. அவர் மூக்குக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண். சங்கரபாண்டியன் சிரித்தார். "உன் கையில கரண்டு வருது புள்ள" என்றார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அவரைச் சும்மா தொடவில்லை.

சும்மா தொடவில்லை என்றால், தொடாமல் முடியாத வேலைகளுக்குத் தொட்டாள், கம்பியைத் தொட்டு, கையை நனைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கொதிக்கிற பால் பாத்திரத்தை இறக்குகிறவளைப் போலத் தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள். அறையில் இரண்டு கயிறு கட்டி ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டாள். கட்டிலோரத்தில் வாளித் தண்ணீர். ரப்பர் செருப்பை வெளியே போட்டுவிட்டு ஐஸ் மாதிரி இருந்த தரையில் வெறுங்காலோடு நடந்தாள், கால் மரத்துப் போயிற்று, போகட்டும். புனேயிலிருந்து மகள் போனில், "அம்மா, காத்து காய்ஞ்சு கிடக்கிற இடத்துல எல்லாருக்கும் வர்றதுதாம்மா அது, டாக்டர்கிட்ட கேட்டேன், அதனால தீப்பிடிக்கிறது ஆயிரத்துல ஒண்ணுகூட இல்லங்கிறார்" என்றாள். சரி என்று வைத்துவிட்டாள். ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் லட்சத்தில் ஒன்று இருக்கும், அந்த ஒன்று எங்கேயாவது யார் வீட்டிலாவது இருக்கத்தானே வேண்டும், அது எந்த வீட்டைத் தேடும், ஏற்கெனவே வழி தெரிந்த வீட்டைத் தேடாதா. இப்படி நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று நினைத்த உடனே கரிசல்காடு வந்துவிட்டது.

சாத்தூருக்குத் தெற்கே, வெயிலில் வெடித்துக் கிடக்கிற கரிசலுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்டாதபடி தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஊரில் அதைப் பட்டாசு ஆபீஸ் என்பார்கள். அவளும் அக்கா குருவம்மாளும் அங்கேதான் வேலை பார்த்தார்கள், அவள் தாள் சுருட்டுகிற கொட்டகையில், அக்கா வெடிமருந்து கலக்கிற மருந்து அறையில். மருந்து அறை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு செம்புத் தகடு அடித்து, அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். உள்ளே போகிறவர்கள் அதை இரண்டு கையாலும் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வளையல் கூடாது, செருப்பு கூடாது, தரையில் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும், பருத்திச் சேலை மட்டும்தான். உடம்பு உரசினாலே நெருப்பு வரும் என்று போர்மேன் சொன்னபோது புள்ளைகளெல்லாம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள், குருவம்மாள்தான் ரொம்பச் சிரித்தாள், அவளுக்குச் சிரிப்பு வந்தால் விக்கலும் வரும். அந்த வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம், தறி நெய்கிற பையன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயிலில் வைத்துப் பார்ப்பதாகப் பேச்சு. அக்கா நாலு மணி வரைக்கும் வேலை பார்த்துவிட்டு அப்படியே கோயிலுக்கு வந்துவிடுகிறேன் என்றாள். வீட்டில் இருந்த ஒரே நல்ல சேலை சீனித்தாயினுடையது, பம்பாயிலிருந்து மாமா கொண்டுவந்த நைலான் சேலை, அவள் இன்னும் மடிப்புப் பிரிக்காத சேலை. "ஏய் சீனி, ஒரு நாளைக்குத்தான், மஞ்சக்கறை படாமத் தாரேன்" என்று அக்கா கெஞ்சினாள். அவள் கொடுத்தாள். இரண்டு நாள் கெஞ்சவிட்டுத்தான் கொடுத்தாள். காலையில் குருவம்மாள் ஒயர் பையைத் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது, ஆனால் பைக்குள்ளே எந்தச் சேலை, உடம்பில் எந்தச் சேலை? உள்ளே நைலானைக் கட்டி மேலே பழைய பருத்தியைச் சுற்றிக்கொண்டு போனாளா, மாற்றிக் கட்ட நேரம் இருக்காது என்று? அந்தக் காலை வேளையில் சீனித்தாய் பல் தேய்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள், அக்கா முதுகு தெரிந்தது, கணுக்காலுக்கு மேலே ஒரு பளபளப்புத் தெரிந்தது போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது, முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கணுக்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பதினொன்றே முக்கால் மணிக்கு மருந்து அறை இல்லாமல் போயிற்று. ஆறு பேர். போர்மேன் வேலியோரம் உட்கார்ந்துகொண்டு, "எவளோ நைலான் கட்டிட்டு வந்திருக்கா" என்றான். மருந்தைக் கலந்தவன் தப்பாகக் கலந்தான் என்றும் சொன்னார்கள், வெயில் என்றும் சொன்னார்கள். எவளோ என்றுதான் சொன்னான். பெயர் சொல்லவில்லை. பெயர் தெரிந்த ஒருத்தி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் வாயைத் திறக்கவில்லை.

"சீனி." இரண்டாவது தடவை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டுவிட்டார். அவள் பதினோரு எட்டையும் ஓட்டமாகக் கடந்து வாசற்படியில் நின்றாள். சங்கரபாண்டியன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், காதுக்குப் பின்னால் அது பதிந்து சிவந்திருந்தது. ஈரத் துண்டுகளுக்கு நடுவே, சலவைக்காரர் வீட்டில் விருந்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"முதுகு," என்றார். "அரிக்குது."

"கை காய்ஞ்சு கிடக்குங்க. செத்த பொறுங்க, எண்ணெய் தொட்டுட்டு வாரேன்."

"காலையிலயும் இதான் சொன்ன." மூச்சு வாங்கினார். புஸ், நிறுத்தம். "ஏன் புள்ள, எம்மேல வாடை அடிக்குதா?"

"என்னங்க பேச்சு இது."

"இல்ல. சொல்லு. மருந்து வாடை. படுத்துக் கிடக்கிற வாடை. எனக்கே அடிக்குது." மறுபடி மூச்சு. "தொட ஒரு மாதிரியா இருந்தா... ஆள் வச்சுக்கலாம். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். எவ்வளவு நாளாக இந்த வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்திருப்பார், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மூச்சைச் சேர்த்து வைத்திருந்திருப்பார். இல்லை என்று சொல்லலாம். அருவருப்பில்லை, பயம் என்று சொல்லலாம். என்ன பயம் என்பார். பொறி என்றால் சிரிப்பார். ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சேலையைச் சொல்ல வேண்டும், சேலையைச் சொன்னால் முப்பத்திரண்டு வருஷமாகத் தன் பக்கத்தில் படுத்திருந்தவள் யார் என்று அவர் ஒரு நொடி யோசிப்பார், அந்த ஒரு நொடி அவர் கண்ணில் தெரியும், அதைப் பார்க்க அவளால் முடியாது. "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள், விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை வரைக்கும். தோல் காயாவிட்டால் பொறி வராது. ஆனால் எண்ணெய் கூடாது என்றானே, எண்ணெயும் ஆக்சிஜனும் ஆகாது என்றானே. அப்படியானால் துடைக்க வேண்டும், துடைத்தால் துண்டு உரசும், உரசினால் ஏறும், ஏறினால் எண்ணெய் வேண்டும். எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றாள். இதில் எது சின்ன ஆபத்து, யாரிடம் கேட்பது, கேட்டால் பைத்தியம் என்பார்கள். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு உறுமவில்லை.

சத்தம் நின்றதுதான் முதலில் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் நின்றது, பக்கத்து வீட்டு டிவி நின்றது, அந்தப் புஸ் நின்றது. அப்புறம் உள்ளே மெஷின் ஒரே சுதியில் கீயென்று அலறத் தொடங்கியது. கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும் தாங்கும், மெஷினைத் தாங்காது. இதற்கென்றுதான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் சிலிண்டர் நிற்கிறது, சுவரோடு சங்கிலி போட்டு. இதுவரை இரண்டு தடவை அவள் திறந்திருக்கிறாள், கை நடுங்காமல் திறந்திருக்கிறாள். ஓடினாள். அறைக்குள் கால் வைத்து, சிலிண்டர் தலையில் தொங்குகிற சாவியை எட்டிப் பிடிக்கப் போனபோதுதான் தன் கையைப் பார்த்தாள். பளபளவென்று எண்ணெய். எண்ணெய்க் கையால் வால்வைத் தொடாதீங்க ஆன்ட்டி, அங்கேதான் வெடிக்கும். அந்த ஆள் போனிலிருந்து கண்ணை எடுத்துச் சொன்னது அது ஒன்றுதான். சங்கரபாண்டியன் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார், நான் பரவாயில்லை என்கிறாரா, சீக்கிரம் என்கிறாரா. உதட்டோரம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் திரும்பிக் குளியலறைக்கு ஓடினாள். அவர் பார்க்கப் பார்க்க, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள். சோப்பைப் போட்டுத் தேய்த்தாள், தண்ணீர் எலும்பில் குத்தியது, எண்ணெய் போகவில்லை, வழுக்கியது, மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர், நகத்துக்குள்ளே, மணிக்கட்டில், இன்னும் வழுக்குகிறதா, இல்லை சோப்பா, அங்கே அவர் வாயால் காற்றைக் கடிக்கிற சத்தம் இந்தக் கீச்சுக்கு நடுவிலும் கேட்டது, இவ்வளவு கழுவினால் போதுமா, போதாமல் போய்விட்டால், மூன்றாவது தடவை கழுவலாமா, மூன்றாவது தடவைக்கு அவரிடம் மூச்சு இருக்குமா. போதும் என்று யாரோ சொன்னது போல வாய்விட்டு "போதும்" என்றாள். கையை உதறிக்கொண்டு ஓடினாள். சாவியைப் பொருத்தினாள். மெதுவாக, கால் திருகு, மெதுவாக, இன்னும் கொஞ்சம். உஸ்ஸென்று காற்று வந்தது. அளவுமானியில் முள் எழுந்தது. மெஷினிலிருந்து குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் சொருகினாள். அவர் மூச்சுத் தவிப்பில் கம்பளியைப் பிடித்துப் பிடித்து இழுத்து, உறையெல்லாம் கழன்று, அந்த வழவழப்பான கம்பளி அவர் மார்பில் உரசிக்கொண்டு சரிந்தது. உரசின கையாலேயே எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

டப்.

இதுவரை கேட்டதிலெல்லாம் பெரிய சத்தம். அவர் விரலுக்கும் அவள் ஈரக் கைக்கும் நடுவே, அவர் மூக்குக் குழாய்க்கு நேர் கீழே, நீலமாக வந்து போனது. "குருவம்மா!" என்று அவள் கத்தினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கரிசல் மண் வாசனை, கந்தக வாசனை, தூணின் சொரசொரப்பு, எல்லாம் வந்தது. அவர் பிடித்த பிடியை விடவில்லை. அவள் காத்திருந்தாள். உஸ்ஸென்ற சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. யாரோ எங்கேயோ மாடிப்படியில் கரண்ட்காரர்களைத் திட்டிக்கொண்டு இறங்கினார்கள். கண்ணைத் திறந்தபோது சங்கரபாண்டியன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. மெஷினை அணைக்கும்படி கண்ணால் காட்டினார். அவள் அணைத்தாள். அப்புறம்தான் அவரால் பேச முடிந்தது.

"யாரக் கூப்பிட்ட?"

"எங்கக்காவ."

"ஆபீஸ்ல... போனாங்களே. அவங்களா?"

தலையசைத்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டை இன்னும் பிடித்திருந்தார், அதை உருவிக்கொள்ள அவளிடம் தெம்பில்லை, அந்தத் தெம்பில்லாத தன்மையிலேயே வாயும் திறந்துகொண்டது. "நைலான் சேலங்க. நான்தான் குடுத்தேன்" என்றாள். கோயிலில் பெண் பார்க்க இருந்ததைச் சொன்னாள், ஒயர் பையைச் சொன்னாள், போர்மேன் சொன்னதைச் சொன்னாள். முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். "கட்டிட்டுப் போனாளா, பையில வச்சிருந்தாளா, எனக்குத் தெரியல. உங்களத் தொட்டா உங்களுக்கும் அப்படி ஆயிரும்னு இருக்கு. வாடையெல்லாம் ஒண்ணுமில்லங்க. ஒண்ணுமே இல்ல."

அந்த ஒரு நொடிக்காக அவர் கண்ணையே பார்த்தாள். அது வந்ததா, தெரியவில்லை. அவர் மூச்சைச் சேர்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உன்மேல் தப்பில்லை என்று சொல்லப்போகிறார், அதைச் சொல்லிவிட்டால் தாங்க முடியாது, அதை அவளே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள், அது எங்கேயும் போய் ஒட்டியதில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"அந்த மாப்பிள்ளை," என்றார். "அன்னைக்கு வந்தானா?"

முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. அவளுக்கே இது மறந்தது போலக் கிடந்தது. "வந்தாருங்க," என்றாள். "அவங்க ஊருக்குச் சேதி போய்ச் சேரல. எங்க வீட்ல எல்லாரும் விழுந்து கிடக்கிறாங்க, யாருக்கும் ஞாபகமில்ல. அஞ்சரைக்கு மாமா என்னைத்தான் அனுப்பினாரு. கோயில் மண்டபத்துல உக்காந்திருந்தாங்க. அவுக அம்மா, அவரு. பூவும் பழமும் தட்டுல இருக்கு. ஒல்லியா, சட்டைக் கைய முழுசா இறக்கிவிட்டு, பட்டன் போட்டு. நான் சொன்னேன். அவுக அம்மா அப்படியே தூணுல சாஞ்சுட்டாங்க. அவரு எந்திரிச்சு நின்னுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாருங்க."

"என்ன?"

"நான் அவங்க போட்டோகூடப் பாத்ததில்ல, இன்னைக்கு என்ன நெறச் சேலையில வாரதா இருந்தாங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னுட்டேன். நிறத்தச் சொன்னா எஞ்சேலைன்னு தெரிஞ்சிரும்ல. பயம். அவரு சரிம்மான்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு. அதக்கூடச் சொல்லாம அனுப்பிட்டேன்."

சிலிண்டர் உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. அவருடைய விரல்கள் அவள் மணிக்கட்டில் கனமாக, இளஞ்சூடாக இருந்தன. இந்த விரல்கள் கொஞ்சம் நகர்ந்தால் மறுபடியும் உரசும், உரசினால் மறுபடியும் வரும், வரலாம், வரட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"என்ன நிறம்?" என்றார் சங்கரபாண்டியன்.

அவள் அவர் மார்பில் சரிந்து கிடந்த கம்பளியைப் பார்த்தாள்.

"வெங்காயத்தோல் நிறம்," என்றாள். "உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதா வெள்ளைப் பூப் போட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார், கோடு இழுப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்கிறவரைப் போல அசையாமல் இருந்தார். ஒரு மூச்சு உள்ளே போனது, மெதுவாக வெளியே வந்தது. இன்னொன்று போனது.

"நல்லா இருந்திருப்பாங்க," என்றார்.